மகன் கேட்கும் மோட்டார் சைக்கிள்

எமது கிராமங்களில் இன்று பல வீடுகளில் ஒரே விவாதம் நடைபெறுகின்றது. பதினெட்டு வயதை எட்டிய மகன் மோட்டார் சைக்கிள் கேட்கின்றான். வயலுக்கும் சந்தைக்கும் போய்வர ஒரு 100 சிசி வண்டி போதும் என்பது தகப்பனின் எண்ணம். மகனோ முன்புறம் பிளாஸ்ரிக் உறை போர்த்த, குனிந்திருந்து ஓடும் 150 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டியைக் காட்டுகின்றான். "சின்ன எஞ்சின்தானே அப்பா, பழகுகிற ஆக்களுக்கு இதுதான் நல்லதாம்" என்பது அவனது வாதம்.

இடம்பெயர்ந்து, உடைமைகளை இழந்து, மீண்டும் ஒரு வளவையும் சிறு துண்டு வயலையும் தேடிக்கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று. ஒரு போகத்தின் வருமானமும், தாயின் நகையும், பிள்ளையின் உயிரும் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. ஆகவே மகனின் வாதத்தைக் கேலி செய்யாமல், அதிலுள்ள உண்மையையும் பிழையையும் பிரித்துப் பார்ப்போம்.

எதனோடு ஒப்பிட்டுச் சிறியது?

சிறிய ஸ்போர்ட்ஸ் வண்டி புதியவருக்கு ஏற்றது என்ற பேச்சு பெரும்பாலும் அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வந்தது. அங்கே இளைஞர் ஆசைப்படுவது 600 சிசி வண்டிகளுக்கு. அவை 100 குதிரைவலுவுக்கும் மேற்பட்டவை. அவற்றோடு ஒப்பிட்டால், 25 முதல் 30 வரையான குதிரைவலுக் கொண்ட 250 சிசி கவசாக்கி நிஞ்சா சாதுவானதுதான். அதனால் அங்கே அதனை முதல் வண்டியாகப் பரிந்துரைத்தனர். அந்த ஆலோசனை அந்த நாட்டுக்குப் பிழையன்று.

எமது அளவுகோல் வேறு. எமது ஊர்களில் ஓடும் 100 சிசி வண்டிகள் ஏறத்தாழ 8 குதிரைவலுக் கொண்டவை. 2008இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்15 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பிந்திய 155 சிசி வடிவம் 18 குதிரைவலுவுக்கு மேற்பட்டது. அதாவது இரு மடங்குக்கும் அதிகம். துவிச்சக்கர வண்டியிலிருந்து நேரே இதில் ஏறும் பிள்ளைக்கு இது சிறிய வண்டியல்ல.

வண்டியின் அமைப்பு

நியாயமாகவே பேசுவோம். இவ்வகை வண்டிகளின் சட்டம் உறுதியானது. முன்னும் பின்னும் டிஸ்க் பிறேக் உண்டு. புதியவை பலவற்றில் சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் முறையும் உண்டு. நன்றாகப் பழகியவரின் கையில் இவை பாதுகாப்பான வண்டிகளே.

பழகாதவருக்கோ சில இடர்கள் உண்டு. முதலாவது, உயரமும் பாரமும். 100 சிசி வண்டியின் இருக்கை நிலத்திலிருந்து 78 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். எடை 110 கிலோ அளவு. ஆர்15 இல் இருக்கை 81.5 சென்ரிமீற்றர், எடை ஏறத்தாழ 140 கிலோ. கால் முழுவதும் நிலத்தில் ஊன்றாத பிள்ளை, மணலில் நிறுத்தும்போதே வண்டியோடு சரிய நேரிடும். விழுந்தால் முதலில் உடைவது பிளாஸ்ரிக் உறை. அதை மாற்றும் செலவும் பெரிது.

இரண்டாவது, இருக்கும் முறை. ஹாண்டில் தாழ்வாக இருப்பதால் உடலின் பாரம் மணிக்கட்டில் விழுகின்றது. ஹாண்டில் முழுமையாகத் திரும்பவும் மாட்டாது. ஒழுங்கைக்குள் வளைத்துத் திருப்புவதும், பள்ளம் தவிர்த்து மெதுவாகச் செல்வதும் கடினமாகின்றன.

மூன்றாவது, எஞ்சினின் குணம். இந்த எஞ்சின்கள் வேகமாகச் சுழலும்போதே முழு வலுவையும் தருகின்றன. ஆர்15 நிமிடத்துக்கு 10,000 சுழற்சியில் தன் உச்ச வலுவை அடைகின்றது. ஆகவே வண்டியே ஓட்டுபவனை மேலும் முறுக்கத் தூண்டுகின்றது.

எமது வீதிகள்

ஏ9 போன்ற காப்பெற் வீதியில் வேகம் தெரிவதில்லை. அதிலிருந்து இறங்கினால் கிறவல் வீதி, குளக்கட்டு, மணல் ஒழுங்கை. இரவில் கட்டாக்காலி மாடுகள். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயவிட்ட நெல். நெல்லின் மேலும் கிறவலின் மேலும் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி கணத்தில் வழுக்கும்.

வேகத்தின் கணக்கையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். காய்ந்த நல்ல தார் வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், ஆபத்தைக் கண்டு ஒரு விநாடியில் பிறேக் பிடித்தாலும் நிற்க ஏறத்தாழ 21 மீற்றர் வேண்டும். 80இல் வருபவருக்கு 60 மீற்றருக்கு மேல் வேண்டும். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகின்றது. கிறவலில் இத்தூரங்கள் இன்னும் நீளும்.

பழக்கமே பாதுகாப்பு

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளர் தமது குழுவினருடன் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் 92 வீதமானோர் முறையாகப் பயிலாமல் தாமாகவோ உறவினர், நண்பரிடமோ பழகியவர்கள். அரைவாசிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியை ஓடத் தொடங்கி ஐந்து மாதங்கூட ஆகாதவர்கள். பொதுவாக வீதியில் ஓடிய அனுபவம் அவர்களுக்குச் சில ஆண்டுகள் இருந்தும், புதிய வண்டி அவர்களை வீழ்த்தியது. ஆபத்து வேளையில் பலர் பின் பிறேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினர். முன் பிறேக்கைப் போதியளவு பயன்படுத்தவில்லை.

இதிலிருந்து நாம் படிப்பது யாதெனில், எந்த வண்டியானாலும் முதல் மாதங்களே ஆபத்தானவை. அம்மாதங்களை மெதுவான, எளிய வண்டியில் கழிப்பதே புத்தி. ஐரோப்பிய நாடுகள் இதனைச் சட்டமாகவே வைத்துள்ளன: அங்கே இளவயதினர் 125 சிசியில் தொடங்கிப் படிப்படியாகவே பெரிய வண்டிக்குச் செல்லலாம். எமது நாட்டிலும் 100 சிசி வரையான வண்டிக்கு ஒரு வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு வேறொரு வகுப்பு என்றே சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகின்றது. சிறிய வண்டிக்குரிய அனுமதியோடு 150 சிசி வண்டியை ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நட்டஈடும் மறுக்கப்படலாம்.

குடும்பத்தின் கணக்கு

விவசாயக் குடும்பத்தின் வண்டி உழைக்க வேண்டும். உரப்பையும், பால் கேனும், மருந்தடிக்கும் இயந்திரமும் ஏற வேண்டும். ஸ்போர்ட்ஸ் வண்டிக்குக் கரியல் இல்லை. பின் இருக்கையில் தாயை ஏற்றிச் செல்வதும் கடினம். லீசிங்கில் எடுத்தால், தவணை மாதம்தோறும் வரும். நெல் போகத்துக்கு ஒருமுறைதான் வரும். மழை பொய்த்தால் வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும்.

2022இல் எரிபொருள் பங்கீட்டின்போது மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 60 கிலோமீற்றர் அளவில் ஓடும் வண்டியை வைத்திருந்தவர்கள் அன்று ஓரளவு சமாளித்தார்கள்.

பழைய வண்டி வாங்குவோரும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேயே தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய வண்டிகள் பல கை மாறின. சட்டம் வளைந்துள்ளதா, பிறேக்கும் ரயரும் எவ்வாறுள்ளன என்று நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

1. முதல் ஆண்டு 100 அல்லது 110 சிசி சாதாரண வண்டி. மகளும் ஓடுவதாயின் ஸ்கூட்டர் நல்லது.

2. பழகுநர் அனுமதிப்பத்திரம் எடுத்து, முறையாகக் கற்பிப்பவரிடம் பயிலுதல். வெறும் மைதானத்தில் இரு பிறேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்திப் பழகுதல். பிறகு அதே பயிற்சியைக் கிறவலில் மெதுவாகச் செய்தல்.

3. முதல் மூன்று மாதம் இரவு ஓட்டமும், பின்னால் ஆள் ஏற்றுவதும் வேண்டாம்.

4. நாடிப்பட்டி பூட்டிய தரமான தலைக்கவசம், ஓடுபவருக்கும் பின்னிருப்பவருக்கும். தலைக்கவசம் மரண ஆபத்தை 42 வீதத்தாலும் தலைக்காய ஆபத்தை 69 வீதத்தாலும் குறைக்கும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

5. ஓராண்டு விழாமல் ஓடி, உரிய அனுமதிப்பத்திரமும் பெற்று, தன் உழைப்பிலும் ஒரு பங்கு போடக்கூடிய மகன் ஸ்போர்ட்ஸ் வண்டியைக் கேட்டால், அப்போது அதனைப் பற்றிப் பேசலாம். ஏபிஎஸ் உள்ளதையே தேடுங்கள்.

"வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓடுவான். பழகாத வண்டியில், தலைக்கவசமும் இல்லாமல். "இப்போது இது, பிறகு அது" என்று ஒரு வழியைக் காட்டினால் அவன் காத்திருப்பான். எத்தனையோ இழப்புக்களின் பின் காத்து வளர்த்த பிள்ளைகள் இவர்கள். அவர்களின் ஆசைக்கு இடம் கொடுப்போம். அதற்கு முன் பழகுவதற்கு ஓராண்டு காலமும் கொடுப்போம்.