கழிமுகச் சேற்றின் நான்காம் ஆள்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடல் சேரும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரம் சதுப்பில் ஒரு கை சேற்றை வெட்டி எடுத்தால் மேலே பழுப்பாக மெல்லிய ஏடு ஒன்று தெரியும். அதற்குக் கீழே கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் இறங்குவது சில மில்லிமீட்டர் வரைதான். வயலில் பயிர் எடுத்ததுபோக மிஞ்சும் யூரியாவின் நைட்ரஜனில் ஒரு பங்கு ஆற்றோடு வந்து சேர்வது இத்தகைய சேற்றில்தான். கழிமுகத்தை இயற்கையின் சுத்திகரிப்பு நிலையம் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். அங்கே வேலை பார்ப்பவை நொதிகள். எல்லா நாளும் வேலை முழுதாக முடிவதில்லை.

யூரியாவை அம்மோனியாவாக உடைப்பது யூரியேஸ். 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து இதைப் படிகமாக்கி, நொதி ஒரு புரதமே என்று காட்டினார். பலர் நம்பவில்லை, நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

பழுப்பு ஏட்டில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை ஆக்சிஜன் கொண்டு நைட்ரேட் ஆக்குகின்றன. அது கறுப்புச் சேற்றுக்குள் கசிந்ததும் நான்கு நொதிகள் வரிசையாகக் கை வைக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட் ஆகிறது, பிறகு நைட்ரிக் ஆக்சைடு, பிறகு நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் யாருக்கும் தீங்கில்லாத நைட்ரஜன் வாயு. காங்கிரீட் போடும் நாளில் சாந்துச்சட்டி கைமாறி மாடிக்குப் போவதுபோலத்தான். நால்வரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்க வேண்டியதில்லை: சில பாக்டீரியாவிடம் நான்கு நொதியும் உண்டு, சிலவற்றிடம் ஒன்றிரண்டுதான். நான்காம் ஆள் வராவிட்டால் மூன்றாம் ஆள் சட்டியைத் தெருவில் கவிழ்த்துவிடுவார். அதுவரை தூக்கியதற்குக் கூலி கிடைத்துவிட்டதால் அவருக்கு வருத்தமுமில்லை.

அந்த நான்காம் ஆள், நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸ், செம்பை நம்பி வாழ்கிறது. அதன் வினைமையத்தில் நான்கு செம்பு அணுக்கள். அவற்றைப் பிணைத்து நிற்பது கந்தகம். வேடிக்கை என்னவென்றால், இதன் வேலையைக் கெடுப்பதும் கந்தகமே. கடல்நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் உண்டு. ஆற்றுநீரில் மிகக் குறைவு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியா அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. முட்டை நாற்றம் அதனுடையதுதான். சல்ஃபைடு மிகுந்தால் நான்காம் நொதி முடங்குகிறது. நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே காற்றில் ஏறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டையாக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

சல்ஃபைடு மிகுந்த சேற்றில் இன்னொரு வழியும் திறக்கிறது. வேறொரு நொதி நைட்ரைட்டை மறுபடி அம்மோனியாவாக்கிவிடும். அப்போது நைட்ரஜன் வெளியேறாமல் பாசிக்கு உரமாகத் தங்கிவிடுகிறது.

நீர்நிலையைச் சுத்தமாக்க நொதிக் கரைசல் விற்பவர்கள் உண்டு. மேற்சொன்ன நான்கு நொதிகளும் இயங்க உயிருள்ள செல் எலெக்ட்ரான் ஊட்ட வேண்டும். அவற்றைப் புட்டியில் அடைத்துச் சேற்றில் ஊற்றினால், அங்குள்ள பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் புரதச் சாப்பாடு கிடைக்கும், அவ்வளவுதான்.