ஒத்துழைக்காத இலக்கு: விண்வெளிக் குப்பையைப் பிடிக்கும் செயற்கைக்கோளின் வடிவமைப்புச் சிக்கல்

விண்வெளிக் குப்பையை அகற்றும் செயற்கைக்கோள் என்றதும் அதன் பிடிகருவியே முதலில் நினைவுக்கு வருகிறது. சர்ரே பல்கலைக்கழகம் வழிநடத்திய ரிமூவ்டெப்ரி திட்டம் 2018இல் வலையையும் 2019இல் எறிஈட்டியையும் விண்ணிலேயே சோதித்தது. எனினும் வடிவமைப்பின் முதன்மைச் சிக்கல் கருவியைவிடப் பிடிபட வேண்டிய பொருளின் இயல்பிலேயே உள்ளது. இதனை இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தைக் கொண்டு விளக்கலாம்.

2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி60 ஏவூர்தி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ள இரு செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அவை 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று இணைந்தன. இவ்வெற்றியில் இலக்குக் கோளின் பங்கு பெரிது. அது தன் நிலையைத் தானே அசையாது பேணியது. துரத்தும் கோளின் லேசர் கதிரைத் திருப்பியனுப்பும் எதிரொளிப்பான்களைச் சுமந்திருந்தது. வானொலித் தொடர்பின்வழித் தரவுகளைப் பகிர்ந்துகொண்டது.

செயலிழந்த கோளோ எரிந்து முடிந்த ஏவூர்தி அடுக்கோ இவற்றுள் எதையும் செய்யாது. அது கரணமடித்துச் சுழலவும் கூடும். ஆகவே துரத்தும் கோள் ஒளிப்படக் கருவியால் இலக்கைத் தொடர்ந்து நோக்கி, அதன் சுழலச்சையும் வேகத்தையும் கணித்து, அடுத்த நொடியில் அது எங்கிருக்கும் என முன்னறிய வேண்டும். அதே சி60 பயணத்தில் போயம்-4 தளத்தில் சென்ற, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் எந்திரக் கை இக்கணிப்பை நோக்கமாகக் கொண்டது. அதன் இலக்கு கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தது. கட்டிய கன்றுக்கும் அவிழ்ந்தோடும் கன்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கு நினைக்கத்தக்கது.

இலக்கு சிதறாதிருக்கும்போதே அதனை அகற்ற வேண்டும் என்பது இரண்டாவது நெருக்கடி. 2001 அக்டோபரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி3இன் நான்காம் அடுக்கு அவ்வாண்டு டிசம்பரில் வெடித்து, முந்நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. துண்டு ஒவ்வொன்றையும் தேடிச் சென்று பிடிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

பிடித்தபின் இரு பொருள்களும் ஒரே பொருளாகின்றன. ஸ்பேடெக்ஸ் கோள்கள் இணைந்தபின் ஒன்றாகவே கட்டுப்படுத்தப்பட்டன; ஆயினும் அவ்விரண்டின் நிறையும் நிறைப்பரவலும் முன்பே அறியப்பட்டவை. குப்பைப் பொருளில் நிறைப்பரவலைத் தொட்ட பின்னரே சரியாக அளவிட இயலும். எரிபொருளும் கணக்கிற்குரியது. ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள மேகா-டிராபிக்ஸ்-1 கோளை இஸ்ரோ 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலின் மேல் வளிமண்டலத்தில் எரியச் செய்ய முடிந்தமைக்கு, பணிக்காலம் முடிந்தபோது அதில் நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் எஞ்சியிருந்ததே காரணம். குப்பைக்கு அவ்வாறு சொந்த எரிபொருள் இல்லை. இரு உடல்களுக்கும் வேண்டியதைத் துரத்தும் கோளே சுமந்து செல்ல வேண்டும்.