கோராகும் நகசோனும்

நமது பிரசங்கங்களில் மோசே எப்போதும் ஆயன், மக்களோ முறுமுறுப்போர். ஐந்தாகமங்களை ஆயரின் இருக்கையிலிருந்தே வாசித்துப் பழகிவிட்டோம். யூத ரபிமாரோ, ஒரு கூட்டம் எவ்வாறு ஒரு ஜனமாகிறது என்பதையே முதலில் வினவினர். தலைவனைப் பற்றிய வினா அதற்குப் பின்னரே எழுந்தது.

யாத்திராகமம் 19:2-ஐ எடுத்துக்கொள்வோம். எபிரெய மூலத்தில் பன்மையில் வரும் வினைகள், மலைக்கு எதிரே பாளயமிறங்கும்போது மட்டும் ஒருமையாகின்றன. தமிழ் வேதாகமத்தில் அங்கும் பன்மையே உள்ளதால் இது நம் கண்ணில் படுவதில்லை. பதினோராம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி, மற்ற இடங்களில் பிணக்கோடு தங்கியவர்கள் இங்கு ஒரே மனிதன்போல் தங்கினர் என இவ்வொருமைக்குப் பொருள் கண்டார்.

செங்கடலைப் பற்றித் தல்மூத்தின் சோத்தா பகுதி கூறும் கதை இன்னும் கூர்மையானது. முதலில் இறங்க எக்கோத்திரமும் துணியவில்லை. அம்மினதாபின் குமாரன் நகசோன் நீரில் குதித்தான். மோசேயோ கரையில் நீண்ட ஜெபம் செய்துகொண்டிருந்தார். தம் அன்பர் மூழ்கும் வேளையில் ஜெபத்தை நீட்டுவதேன் என்று ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாராம். (நீண்ட ஜெபத்தில் தேர்ந்த நாம் இதனைச் சற்று நின்று வாசிப்பது நலம்.)

அதிகாரம் இல்லாதவன் முன்செல்லலாம் என்றால், நம் சபைச் சரித்திரத்தின் ஒரு பகுதியையும் மீண்டும் வாசிக்க வேண்டியதாகிறது. தாமிரபரணியின் கீழ்ப்புறத்தில், நாசரேத்தில், எஸ்.பி.ஜி. மிஷன் ஊழியராயிருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, அங்கிருந்த மிஷனெரியோடு முரண்பட்டு வேலையிழந்தார். 1849-இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் நூல் தம் சமுதாயத்தை இழிவுபடுத்தியதாகவும் மனம் கொதித்தார். 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், அந்நியர் ஆளுகைக்கு உட்படாத இந்து கிறிஸ்தவ சபை தோன்றியது. ஐரோப்பியர் கொணர்ந்த கிறிஸ்தவம் மூலத்தினின்று விலகியது எனக் கருதிய அவர், சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் தூபத்தையும் சபையில் ஏற்படுத்தினார். பனையேறிகளின் நாட்டில் சிலர் சீனாயை நோக்கித் திரும்பினர். மிஷன் பதிவேட்டில் தொகையாக எண்ணப்பட்டவர்கள், தங்களை ஒரு ஜனமாக எண்ணத் தலைப்பட்டனர்.

இத்தகையோரைக் கோராகு எனப் பட்டஞ்சூட்டுவது பிரசங்க பீடத்திற்கு எளிது. சபையார் அனைவரும் பரிசுத்தர் என்ற கோராகின் கூற்றோ, யாத்திராகமம் 19:6-க்கு வெகு அருகில் நிற்பது! மிஷ்னாவின் 'பிதாக்கள்' பகுதி வாக்குவாதத்தையே குற்றமென்று தள்ளவில்லை. ஹில்லேல், ஷம்மாய் ஆகியோரின் வாதம் பரலோகத்தின் நிமித்தமானது, அது நிலைநிற்கும். கோராகும் அவன் கூட்டத்தாரும் செய்தது அத்தகையதன்று என்கிறது. கோராகும் மோசேயும் எனக் கூறாததைப் பிற்கால உரைகாரர் கவனித்தனர்: அக்கூட்டம் தனக்குள்ளேயே பிளவுண்டிருந்தது, ஒவ்வொருவனும் ஆசாரியத்துவத்தைத் தனக்கே நாடினான்.

சட்டாம்பிள்ளையின் சபை அவர் தலைமுறையோடு மறைந்துவிடவில்லை. சாதி அபிமானம் அதில் கலந்திருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம். அவரிடத்தில் கோராகையும் நகசோனையும் நம்மால் எளிதில் பிரிக்க முடியவில்லை.

கலகம் அடங்கியபின் நடந்தது எண்ணாகமம் 16:36 முதல் எழுதப்பட்டுள்ளது. மாண்டவர்களின் தூபகலசங்கள் எறியப்படவில்லை. அவை பரிசுத்தமானவை என்று ஆண்டவரே கூற, எலெயாசார் அவற்றைத் தட்டித் தகடாக்கிப் பலிபீடத்தை மூடினான்.