பாட்டு வாசிக்காத மணிகள்: இங்கிலாந்து தேவாலயங்களின் மணியடிக்கும் குழுக்கள்

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு. தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள் ஒண்ணு பின்னால ஒண்ணு ஒலிக்குது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டா, இதுல பாட்டு எதுவும் இல்லைன்னு தெரியும். மணிகளோட வரிசை மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. கோபுரத்துக்குள்ள ஆறு பேர் வட்டமா நின்னு, ஆளுக்கொரு கயிற்றை இழுத்துக்கிட்டு இருக்காங்க. இதுக்கு 'சேஞ்ச் ரிங்கிங்'னு பேர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வளர்ந்த கலை இது.

சரி, ஏன் பாட்டு வாசிக்கலை? காரணம் மணியைக் கட்டியிருக்கும் முறையில் இருக்கு. ஒவ்வொரு மணியும் ஒரு பெரிய மரச் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அடிக்கத் தொடங்கும்போது மணியின் வாய் வானத்தைப் பார்த்து நிற்கும். கயிற்றை இழுத்தா, மணி கீழே இறங்கி, ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபக்கம் மேலே போய் நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு அடி. பெரிய மணி ஒரு டன் எடைக்கு மேல கூட இருக்கும். அது சுற்றி வரும்போது கொஞ்சம் சீக்கிரப்படுத்தலாம், கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். நினைச்ச நேரத்தில் நினைச்ச மணியை அடிக்க முடியாது.

அதனால ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும்போது ஒரு மணி ஒரே ஒரு இடம்தான் நகரலாம். பக்கத்து மணியோடு இடம் மாத்திக்கலாம், இல்லைன்னா இருந்த இடத்திலேயே இருக்கலாம். 1 2 3 4 5 6 என்று தொடங்கினா, அடுத்தது 2 1 4 3 6 5. அதுக்கு அடுத்தது 2 4 1 6 3 5. அடித்த வரிசை திரும்ப வரக்கூடாது.

இப்போ ஒரு சின்ன கணக்கு. மூணு மணி இருந்தா 6 வரிசைகள். ஆறு மணிக்கு 720. ஏழு மணிக்கு 5040. இதை அடித்து முடிக்கச் சுமார் மூணு மணி நேரம் ஆகும். ஐயாயிரம் வரிசைக்குக் குறையாத இப்படிப்பட்ட முயற்சிக்கு 'பீல்' என்று பேர். எட்டு மணிக்கு 40,320 வரிசைகள். 1963-இல் லஃப்பரோவில் எட்டுப் பேர், ஆள் மாறாமல், ஏறக்குறைய 18 மணி நேரம் இதை அடித்து முடித்தார்கள்.

இதுல யாரும் தாளைப் பார்த்து அடிப்பதில்லை. தன் மணி எந்தப் பாதையில் போகணும் என்று ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்திருக்கணும். மற்றவர்களின் கயிறு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, யாருக்குப் பின்னால் தான் இழுக்கணும் என்று கணிக்கணும். வழி தவறியவர்களை நடத்துநர் குரல் கொடுத்து மீட்கப் பார்ப்பார். அதுவும் முடியலைன்னா 'ஸ்டாண்ட்' என்று ஒரு சொல். எல்லாரும் நிறுத்திடுவாங்க. ரெண்டரை மணி நேரம் அடித்த பீலும் அதோடு போச்சு.

இனி குழுவின் வாழ்க்கையைப் பார்ப்போம். வாரத்தில் ஒரு மாலை பயிற்சி. ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் மணியடிப்பு. கல்யாணம் இருந்தா அதுக்கும் போகணும். துக்க நாளில் மணி நாக்கின் ஒரு பக்கம் தோல் உறை கட்டுவார்கள். ஒரு அடி தெளிவா, அடுத்த அடி எங்கேயோ தூரத்திலிருந்து வர்ற மாதிரி கேட்கும். கோடையில் எல்லாரும் கிளம்பி வேறு ஊர்க் கோபுரங்களுக்குப் போய் அடிச்சுட்டு வருவாங்க. கயிற்றின் நிலையைப் பார்ப்பது, புதியவர்களுக்குச் சொல்லித் தருவது எல்லாம் 'டவர் கேப்டன்' பொறுப்பு. குழுவில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பாங்க, ஓய்வு பெற்றவர்களும் இருப்பாங்க. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட உண்டு.

புதிதாக வருபவர் முதலில் கற்பது கணக்கு இல்லை, கயிறு. கம்பளி சுற்றிய கைப்பிடிப் பகுதிக்கு 'சாலி' என்று பேர். அதை எப்போ பிடிக்கணும், எப்போ விடணும் என்பதுதான் முதல் பாடம். விட வேண்டிய நேரத்தில் விடலைன்னா மணி ஆளையே மேலே இழுத்துடும். அதனால ஆசிரியர் பக்கத்திலேயே நின்று, அதே கயிற்றில் தானும் கை வைத்துச் சொல்லித் தருவார். புத்தகங்கள் இல்லாமல் இல்லை. 1668-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் அச்சாகியிருக்கு. ஆனா கயிற்றின் இழுவையைக் கை உணர்ந்தால்தான் பாடம் ஏறும்.

அதனாலதான் ஆட்கள் குறைவது இந்தக் கலைக்குப் பெரிய ஆபத்து. முதல் உலகப் போரில் சுமார் 1,400 மணியடிப்பவர்கள் உயிரிழந்தார்கள். சொல்லித் தர வேண்டியவர்கள் பல கோபுரங்களில் திரும்பி வரவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் வேறு ஒரு சோதனை. 1940 ஜூனில் தேவாலய மணிகளுக்குத் தடை வந்தது. எதிரிப் படை இறங்கினால் எச்சரிக்கத்தான் மணி அடிக்கலாம். எல் அலமெய்ன் வெற்றிக்காக 1942 நவம்பரில் ஒரு ஞாயிறு மட்டும் அனுமதி கிடைத்தது. 1943-இல்தான் தடை முழுசா நீங்கியது. 2020-இல் கொரோனா வந்தபோது சின்ன அறையில் நெருங்கி நிற்க வழியில்லாமல் மறுபடியும் கோபுரங்கள் அமைதியாயின. அப்போ பலர் 'ரிங்கிங் ரூம்' என்ற இணையதளத்தில், அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து பயிற்சி செய்தார்கள்.

முதல் உலகப் போர் முடிந்த நூறாவது ஆண்டான 2018-ஐ ஒட்டி ஒரு அழைப்பு விடுத்தார்கள்: இறந்த 1,400 பேருக்கு ஈடாக 1,400 புதியவர்கள் கற்க வாருங்கள். அந்த எண்ணிக்கையைத் தாண்டி ஆட்கள் வந்தார்கள். ஆனா கற்க வந்தவர்கள் வாராவாரம் படியேறி வந்தால்தான் குழு நிலைக்கும். ஆறு மணி உள்ள கோபுரத்துக்கு நாலு பேர்தான் வந்தாங்கன்னா, அன்றைக்கு ரெண்டு கயிறு சும்மா தொங்கும். ஊரில் கேட்கிறவர்களுக்கு அடிப்பவர்களின் முகம் தெரியாது. ஆனா ஆள் குறைஞ்சது காதுக்கு உடனே தெரிஞ்சுடும்.