தாய்லாந்து டூர் போறீங்களா? வாடகை பைக் முதல் 'நண்பர் கொடுத்த பை' வரை... சிக்கல் வருவது எங்கே?

சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது தாய்லாந்து அரசு. 2024 ஜூலையில் தங்கும் காலத்தை 60 நாள்களாகவும் உயர்த்தியது. அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே சாலையின் இடதுபக்கம்தான் வண்டி ஓடும். 'இதைவிட ஈஸியான ஃபாரின் டிரிப் இருக்கா?' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், டூர் போனவர்கள் பணத்தையும் சில நேரம் உயிரையும் இழப்பது பெரும்பாலும் இப்படி 'ஈஸி' என்று நினைத்து அசட்டையாக இருக்கும் இடங்களில்தான். அவை என்னென்ன, எப்படித் தப்பிப்பது? பார்க்கலாம்.

கிளம்பும் முன்பே ஒரு வலை

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டினர் எல்லோரும் 'டிஜிட்டல் வருகை அட்டை'யை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதைச் செய்யணும். இதற்குக் கட்டணமே கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால், அரசுத் தளம் போலவே இருக்கும் போலித் தளங்களும் வரும். பணம் கட்டச் சொன்னால் அது அரசுத் தளம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாஸ்போர்ட் விவரம், கார்டு விவரம் இரண்டையும் யாரோ ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் முன் தாய்லாந்து தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம்.

நம்ம ஊர் லைசென்ஸ் இருக்கே... போதாதா?

போதாது. புக்கெட், கோ சமூய் போன்ற தீவுகளில் இறங்கியதும் எல்லோரும் தேடுவது வாடகை ஸ்கூட்டரைத்தான். கடைக்காரர் லைசென்ஸைக் கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிடலாம். அதனால் சட்டம் கேட்காது என்று ஆகிவிடாது. தாய்லாந்தில் வண்டி ஓட்ட, இந்திய லைசென்ஸுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதில் இரு சக்கர வாகனத்துக்கான பிரிவும் இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. இந்த அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம். ஓராண்டு வரை செல்லும்.

இதில் என்ன பெரிய ஆபத்து? 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, தாய்லாந்தில் லட்சம் பேருக்கு 32.7 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். அதே அறிக்கையில் இந்தியாவின் கணக்கு 22.6. தாய்லாந்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களில் போனவர்கள்.

விபத்தோடு பிரச்சினை முடிவதில்லை. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் டிராவல் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஹெல்மெட் போடாவிட்டாலும், குடித்திருந்தாலும் அதே கதைதான். எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை, தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் செலவு என எல்லாமே குடும்பத்தின் தலையில் விழும். பாலிசி எடுக்கும்போதே 'இரு சக்கர வாகனம் ஓட்டி விபத்து நடந்தால் கவர் ஆகுமா?' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கடையில் சொல்லும் 'இன்சூரன்ஸ் இருக்கு' என்பது சட்டப்படி கட்டாயமான அடிப்படைக் காப்பீடாக இருக்கலாம். வண்டிக்கு ஏற்படும் சேதம் அதில் அடங்காது.

பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீங்க

பைக், ஜெட் ஸ்கீ வாடகைக்கு 'டெபாசிட்டா பாஸ்போர்ட் கொடுங்க' என்று கேட்பது அங்கே சகஜம். கொடுத்துவிட்டால் பேரம் பேசும் பலம் மொத்தமும் அவர் கைக்குப் போய்விடும்.

பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் பல ஆண்டுகளாகப் புகாருக்குள்ளான மோசடி இது: ஜெட் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி 'நீங்கதான் இடிச்சீங்க' என்பார்கள். பெரிய தொகை கேட்பார்கள். மறுநாள் விமானம் என்றால் வேறு வழியில்லாமல் பலர் கொடுத்துவிடுகிறார்கள்.

நகலும் ரொக்க டெபாசிட்டும் போதும் என்று சொல்லும் கடையாகப் பாருங்கள். எடுக்கும் முன் வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, கடைக்காரர் முன்னிலையிலேயே வீடியோ எடுங்கள்.

"இன்னைக்கு அரண்மனை லீவு!"

பாங்காக் கிராண்ட் பேலஸ் பக்கம் நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் வந்து, 'இன்று மூடியிருக்கு, நான் வேற கோயில் காட்டுறேன்' என்பார். மிகக் குறைந்த காசுக்கு டுக்-டுக் ஏற்பாடு ஆகும். வண்டி கடைசியில் நிற்பது ரத்தினக் கல் கடையிலோ தையல் கடையிலோதான். கூட்டிப் போனவருக்கு கமிஷன், உங்களுக்குத் தரமில்லாத கல். டிக்கெட் கவுன்டர் வரை நீங்களே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சிவப்புக் கொடியும் வினிகரும்

புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை பருவமழைக் காலம். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவு தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், சக்தி தீர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு புயல் காற்றில் மூழ்கி 47 பேர் இறந்தனர். எல்லோரும் சீனப் பயணிகள். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில், 'காசு கட்டிட்டோமே' என்று படகு ஏறாதீர்கள்.

கோ சமூய், கோ பங்கான் பகுதிகளில் கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீன் உண்டு. கடற்கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பது அதற்காகத்தான். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் கழுவாமல், வினிகரை ஊற்றிவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கடையில விக்குது, அப்ப தப்பில்லையா?

2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து தாய்லாந்து நீக்கியது. ஆனால் 2025 ஜூனில் சட்டம் மீண்டும் இறுகியது. கஞ்சாப் பூ வாங்க இப்போது மருத்துவரின் சீட்டு வேண்டும். கடை போர்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, திரும்பி வரும்போது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் உயர்ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபடும் செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்து அடிக்கடி வருகிறது. இந்தியச் சட்டப்படி 1 கிலோவைத் தாண்டினாலே 10 ஆண்டுகள் வரை சிறை. 'டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஃப்ரீ, வரும்போது இந்தப் பையை மட்டும் கொண்டு வா' என்று யாராவது சொன்னால், அது இலவச டூர் இல்லை. பை உங்கள் கையில் இருந்தால் கேஸும் உங்கள் மேல்தான். சாக்லேட் டப்பா என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

வேப் எனப்படும் இ-சிகரெட்டுக்கும் அங்கே தடை. பையில் வைத்திருந்தாலே நடவடிக்கை வரலாம்.

மன்னர் பற்றிய கிண்டல் வேண்டாம்

தாய்லாந்து குற்றவியல் சட்டத்தின் 112-வது பிரிவின்படி, மன்னர் குடும்பத்தை அவமதித்தால் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை. வெளிநாட்டினருக்கும் இது பொருந்தும். ரூபாய் நோட்டு போல பாட் நோட்டிலும் தலைவர் படம் உண்டு, அது மன்னர் படம். காற்றில் பறக்கும் நோட்டைக் காலால் மிதித்துப் பிடிக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

'டூரிஸ்டா வாங்க, வேலை ரெடி'

சுற்றுலாப் பயணியாகப் போகச் சொல்லி, பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டுவது இன்னொரு வலை. பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை ஊரான மே சோட்டுக்கு அழைத்துப் போய், ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடியில் இருக்கும் சைபர் மோசடி முகாம்களில் அடைத்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவுத் துறை இது பற்றி எச்சரித்தது. 2025 மார்ச்சில் அங்கிருந்து மீட்கப்பட்ட 549 இந்தியர்கள் இரண்டு விமானப்படை விமானங்களில் தாயகம் திரும்பினார்கள். விசா விலக்கில் போய் வேலை பார்க்க முடியாது. அப்படிச் சொல்லும் ஏஜென்ட் எவராக இருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

* சுற்றுலாப் போலீஸ்: 1155. ஆங்கிலத்தில் பேசலாம். ஜெட் ஸ்கீ, டுக்-டுக் தகராறு என்றால் முதல் அழைப்பு இதற்குத்தான்.
* போலீஸ் அவசர உதவி: 191
* ஆம்புலன்ஸ்: 1669
* பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அடுத்து பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகம்.

இந்த எண்களையும் தூதரக அவசர எண்ணையும் விமானம் ஏறும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பாலிசி நகல்களை வீட்டில் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பேசப்போவது அவர்தான்.