உங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வைத்துவிட்டீர்களா?



செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் அரிது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்த அந்தக் கோட்டை பீஜப்பூர் சுல்தான்களிடம் இருந்தது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் வென்றெடுத்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியருடன் தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

கோட்டையின் வரலாற்றை எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்ற நூலைத் தமிழில் எழுதிய நாராயணப் பிள்ளை அவர்களுள் ஒருவர். ஆனால் அந்தக் கோட்டையின் நிழலில், செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களின் வரலாற்றை யார் எழுதினார்கள்? உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவருடைய துணைவியாரின் பெயர் தெரியுமா? முதற் கேள்விக்கு விடை சொல்பவர்களிலும் பலர் இரண்டாவதற்கு மௌனமாகி விடுவார்கள்.

பாட்டில் இடம்பெறாத மணமகள்

1714இல் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்துத் தேசிங்கு ராஜன் போரிட்டு மாண்டான். அவனுக்குத் துணையாக நின்று உயிர் நீத்தவர் அவனுடைய ஆருயிர் நண்பர் மகபத்கான் என்னும் முஸ்லிம் வீரர். தம் திருமணக் கோலத்திலிருந்து எழுந்து, நண்பனுக்காக அவர் போர்க்களம் விரைந்ததாக நாட்டுப்புறக் கதைப்பாடல் போற்றுகிறது. நட்பின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ! ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். அன்று மணப்பந்தலில் காத்திருந்த அந்த மணமகளின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம் வீடுகளில் வரையப்படும் வம்சாவழிப் பட்டியல்களும் பெரும்பாலும் இப்படியே அமைந்துவிடுகின்றன. ஆண்மக்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெண்மக்கள் மணமுடித்துச் சென்றதும் பட்டியலிலிருந்து மறைந்து போவார்கள். இது நம் முன்னோர் காட்டிய வழியன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த அறிஞர் இப்னு ஸஅத், நபித்தோழர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்த 'தபகாத்' நூலில் பெண்களுக்கென்றே ஒரு பாகத்தை ஒதுக்கினார்.

எழுதுவதால் என்ன பயன்?

உறவுகளைப் பேணி வாழ்வதற்காக வம்சத்தை அறிந்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். குலப்பெருமை பேசுவதை அதே மார்க்கம் கண்டிக்கவும் செய்கிறது. ஆகவே நாம் எழுதுவது பெருமைக்காக அன்று; கடமைக்காக.

முதலாவது, சொத்துரிமை. தந்தையின் சொத்தில் மகளுக்கும், மகனின் சொத்தில் தாய்க்கும் பங்குண்டு என்பது திருமறையின் சட்டம். பட்டியலில் பெயரில்லாத பெண்ணின் பங்கு, பாகப்பிரிவினையின் போதும் எளிதில் மறக்கப்படுகிறது. அவளுடைய பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும்போது, சான்று சொல்ல எவரும் உயிரோடிருப்பதில்லை.

இரண்டாவது, பால்குடி உறவு. ஒரே தாயிடம் பாலருந்திய பிள்ளைகள் ஒருவரையொருவர் மணக்கலாகாது. பிரசவத்தில் தாய் நோயுற்ற வேளையில் சின்னம்மாவோ அண்டை வீட்டுப் பெண்மணியோ பாலூட்டிய செய்தி, அந்தத் தலைமுறைப் பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கும். எழுதி வைக்காவிட்டால், நிக்காஹ் பேசும் வேளையில் அதை எடுத்துச் சொல்ல யார் இருப்பார்கள்?

மூன்றாவது, அரசாங்க ஆவணங்கள். 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல்களில் தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் மக்கள் தேடினார்கள். பெற்றோர் எந்த ஊரில், எந்தப் பெயரில், எந்த எழுத்தமைப்பில் பதிவாகியிருந்தனர் என்பதைக் குறித்து வைத்திருந்த குடும்பத்துக்கு அந்தத் தேடல் எளிது.

எங்கே தேடுவது?

முதலில் வீட்டில் உள்ள முதியோரிடம் அமருங்கள். தாதா, தாதி, நன்னா, நன்னி என்று நீங்கள் அழைக்கும் அந்தப் பெரியவர்களே உங்கள் முதல் நூலகம். இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அவர்களின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "எப்போது நடந்தது?" என்று கேட்டால் ஆண்டு கிடைக்காது. "அப்போது யார் பிறந்திருந்தார்கள்? எந்தப் புயல் அடித்தது? எந்தப் பஞ்சம்?" என்று கேளுங்கள், ஆண்டு தானே வெளிப்படும்.

அடுத்து, பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மணமக்களின் தந்தையர் பெயரும், மஹர் தொகையும், சாட்சிகளின் கையொப்பமும் அதில் இருக்கும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் நிலப்பத்திரங்களையும் பிரித்துப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30ஆம் நாள் உருவாயிற்று. அதற்கு முந்தைய பத்திரங்களில் தென்னார்க்காடு மாவட்டம் என்றே இருக்கும். மேல்மலையனூர் தனி வட்டமாவதற்கு முன் செஞ்சி வட்டத்தில் இருந்ததால், பழைய தாள்களைச் செஞ்சியின் பெயரிலும் தேட வேண்டும்.

உருதுவிலோ அரபுத்தமிழிலோ எழுதிய பழங்கடிதங்கள் கிடைத்தால், படிக்கத் தெரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். மத்ரஸாவில் ஓதிய பெரியவர் ஒருவரிடம் காட்டி, படித்துச் சொல்லக் கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயதில் மறைந்தவருக்கு ஆங்கிலக் கணக்கில் வயது 64தான். செஞ்சிக் கோட்டையிலுள்ள சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் கட்டப்பட்ட காலத்தை 1717-18 என்று குறிப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டின் நடுவே தொடங்கிவிடுவதால்தான் இப்படி இரட்டை ஆண்டாக எழுத நேர்கிறது. உங்கள் பாட்டனாரின் மீசான் கல்லில் உள்ள ஆண்டையும் இவ்வாறே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

எப்படி எழுதுவது?

ஹதீஸ் கலை அறிஞர்கள், செய்தியோடு அதனை அறிவித்தவர் வரிசையையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். அந்த நல்வழக்கத்தை நாமும் கைக்கொள்வோம். "இதைச் சொன்னவர் பெரிய மாமி, அவர் தம் தாயாரிடம் கேட்டது" என்று ஒவ்வொரு செய்திக்கும் கீழே குறியுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால், இரண்டையும் எழுதுங்கள். அரசவையில் பதவி வகித்ததாக, அரபு நாட்டிலிருந்து வந்ததாகச் சான்றில்லாத பெருமைகளைச் சேர்க்காதீர்கள். மாட்டுத் தரகு செய்து நேர்மையாகப் பிள்ளைகளை வளர்த்த பாட்டனார், கற்பனையாகப் படைத்த சேனாதிபதியினும் மேலானவர்.

இறந்தவர்களின் குறைகளைக் கிளற வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் அடையாள எண்களையும் சொத்து விவரங்களையும் பொதுவில் பரப்ப வேண்டாம்.

எழுதி முடித்ததும் பூட்டி வைக்காதீர்கள். ஒரே பிரதியாக இருப்பது கரையானுக்கும் மழைக்கும் இரையாகும். படியெடுத்து உடன்பிறந்தார் அனைவருக்கும் கொடுங்கள். மலேசியாவிலும் வளைகுடாவிலும் வாழும் உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அங்கிருந்து ஒரு புகைப்படம் வரும். விடுபட்ட ஒரு பெயர் வரும். அறுந்துபோன ஓர் உறவு மீண்டும் துளிர்க்கும்.

வருகிற பெருநாளில் குடும்பம் ஒன்றுகூடும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வையுங்கள். முதற் பக்கத்தில் எழுத வேண்டியது உங்கள் பாட்டியாரின் பெயர். அதைச் சொல்லத் தெரிந்தவர் இன்னும் உங்களிடையே இருக்கிறார் என்றால், அல்ஹம்துலில்லாஹ்! தாமதிக்காதீர்கள்.