நிற்பவருக்கு நாற்காலி, உட்கார்ந்தவருக்கு நடை

2021 செப்டம்பரில், மேசை வேலை பார்ப்பவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஐந்து நிமிடம் யோகா செய்வதற்காக ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் 'ஒய்-பிரேக்' என்ற செயலியை வெளியிட்டது. அதே மாதம் தமிழ்நாடு சட்டமன்றம், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஒருவரை எழுந்திருக்கச் சொல்ல ஒரு செயலி தேவைப்பட்டது. இன்னொருவரை உட்கார விடுவதற்கு ஒரு சட்டமே தேவைப்பட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போதுதான் காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்கு மேலேறுகிறது. அசையாமல் நின்றாலும் சரி, அசையாமல் உட்கார்ந்தாலும் சரி, அந்த வேலை மந்தமாகிவிடும். வருடக்கணக்கில் நிற்பவர்களுக்குக் கால் வீக்கம், வெரிகோஸ் எனப்படும் நரம்புச் சுருட்டு, குதிகால் வலி, இடுப்பு வலி வருகின்றன. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. இதை முதலில் பளிச்சென்று காட்டியவர்கள் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் குழுவினரின் ஆய்வு 1953-இல் சொன்னது.

வேலைக்கு நடுவே இரண்டு நிமிடம் நடப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சிக் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். போன் பேசும்போது எழுந்து நில்லுங்கள். ஒரு மாடிக்கு லிஃப்ட் வேண்டாம். நின்று வேலை செய்பவர்கள் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். உட்காரக் கிடைத்தால் காலைச் சற்று உயர்த்தி வைக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு மணி நேரமாவது ஓய்வு தராமல் யாரையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் சாதாரண வரம்பு. 2021-இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆகவே குடோனில் நாலு ஸ்டூலை அடுக்கி வைத்துவிட்டு 'இருக்கை உண்டு' என்று கணக்குக் காட்டினால் அது சட்டத்தை ஏமாற்றுவதுதான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வேலைக்கு நடுவே சில நிமிடம் நடப்பதற்கும் இதில் தனி விதி இல்லை. அதை நிர்வாகத்திடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

நமக்கு முன்பே, 2018-இல், கேரளம் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. அரசு தானாக இரங்கி வந்து கொடுத்ததல்ல அது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றுதான் முதலில் போராடியது. உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதற்குப் பிறகு வந்தது. கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்ளும் பெண்கள் இங்கும் உண்டு. கழிப்பறைக்கு வழி செய்யாத நிறுவனம் ஆண்டுக்கொரு யோகா வகுப்பு நடத்திப் படம் பிடித்துக்கொள்வதை நலத்திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊழியர்களை உட்கார விடாததில் நம் பங்கும் உண்டு. விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி பயப்படுவது வாடிக்கையாளர்களாகிய நம்மை நினைத்துத்தான்.

உரிமை மறுக்கப்பட்டால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுவது பாதுகாப்பு. வேலைக்கு வந்த நேரம், போன நேரம், இடைவேளை கிடைத்ததா என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் 22-அ பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முன்னால் வரத் தயங்கினால் பெயரை ரகசியமாக வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி' துறைக்கும் புகார் சொல்லலாம்.

புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பினால் சும்மா திரும்பி வந்துவிடாதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்று இதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம், தாமதிக்காமல் செய்ய வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி இலவசம்.